முதல் லினக்ஸ்: பெயரைப் பார்த்துப் போடாதீர்கள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகள் நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. அரசு இலவசமாகக் கொடுத்தவை, வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த அரபு எழுத்துக் கீபோர்டு உள்ளவை, நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டால் இவை இன்னும் சில வருஷம் ஓடும். மின்ட், உபுண்டு, காளி என்று பல வடிவங்களில் லினக்ஸ் கிடைக்கிறது, ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்பார்கள். ஆனால் "எந்த டிஸ்ட்ரோ நல்லது?" என்று கேட்கிறவர்களில் பலர் லேப்டாப்பின் மாடலைச் சொல்வதே இல்லை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது வைஃபை சிப். விண்டோஸ் இருக்கும்போதே டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, அங்கே உள்ள பெயரை எழுதி வையுங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. பிராட்காம் என்றால் பல மாடல்களுக்குத் தனி டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) வேண்டும். ரியல்டெக்கில் மாடலைப் பொறுத்து மாறும். பெயரோடு நம்பரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், ஆண்ட்ராய்டு போனென்றால் பொதுவாக நெட் உடனே வந்துவிடும். அப்புறம் மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் போட வேண்டியதை அதுவே காட்டும்.

இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. செக்யூர் பூட் (நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு வசதி) ஆனில் இருந்தால், இப்படிப்பட்ட டிரைவரைப் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். திரை கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஏதோ கோளாறு என்று நினைத்து 'கன்டினியூ பூட்' அடித்துவிட்டால் டிரைவர் ஏறாது. பழி மட்டும் லினக்ஸ் மேல் விழும்.

அடுத்த தவறு, பெயரில் மயங்குவது. "அண்ணே, காளி லினக்ஸ் போட்டா ஹேக் பண்ணலாம்லா?" என்று கேட்காத காலேஜ் பையன் குறைவு. காளி பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கானது. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் சொந்த ஆவணமே சொல்கிறது. அனுபவசாலிகளுக்கான ஆர்ச் டிஸ்ட்ரோவையும் இப்போதைக்கு விடுங்கள்.

பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பையே சொல்வேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. போன மாதம் வாங்கிய புது லேப்டாப் என்றால் கதை வேறு. அதன் வைஃபையும் கிராஃபிக்ஸும் புது கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) கேட்கும், அதற்கு ஃபெடோராவோ உபுண்டுவின் புதிய பதிப்போ பொருந்தும். உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) அல்லாத பதிப்புக்கு 9 மாதம்தான் ஆதரவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"லைட்டான டிஸ்ட்ரோ போட்டால் பறக்கும்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2 ஜிபி ரேமில் சிஸ்டம் என்னவோ எழுந்துவிடும். பிரவுசரில் யூடியூப்போடு இரண்டு டேப் திறந்தால் திணறிவிடும். எடை பிரவுசரில் இருக்கிறது, டிஸ்ட்ரோவை மாற்றி மாற்றிப் போடுவதால் அது குறையாது. ரேமை 4 ஜிபி ஆக்கி, சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாதா சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

கடை வைத்திருப்பவர்கள் பிரிண்டரை மறந்துவிடுகிறார்கள். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் தென்படும் கேனன் எல்பிபி 2900-க்கு லினக்ஸோடு வரும் டிரைவர் போதாது. தனியாக இறக்கி, டெர்மினலில் கட்டளை கொடுத்துச் சேர்க்க வேண்டும். புதியவருக்கு அது தலைவலி. ஹெச்பி பிரிண்டர்களில் பல எளிதாக வேலை செய்யும். டேலி விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது, ஆகவே கணக்கு அதில் ஓடுகிற கம்ப்யூட்டரில் விண்டோஸே இருக்கட்டும். தமிழ்99 தட்டச்சுக்குப் பஞ்சமில்லை, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் இன்ஸ்டால் பண்ணாமலே சோதிக்க முடியும் என்பதுதான் லினக்ஸின் பெரிய வசதி. டிஸ்ட்ரோவின் ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் ஃபைல்) ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். வைஃபை, சத்தம், கேமரா, வெளிச்சம் கூட்டும் பொத்தான், பிரிண்டர் எல்லாவற்றையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள், பலர் இதைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) டிஸ்க் முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர் அதற்குரிய முறையைப் படிக்காமல் மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம். அவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை முன்பே எழுதி வைப்பதும் அவசியம்.

பிறகு இன்ஸ்டால். 'எரேஸ் டிஸ்க்' என்றால் கல்யாண ஆல்பம் உட்பட எல்லாம் போய்விடும், முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் நம்முடையது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.