மெஷினுக்குப் போகும் முன்பே கெட்டுப்போகும் ரத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுபது வயது ஆச்சி ஒருவருக்குப் பொட்டாசியம் 6.8 என்று ரிப்போர்ட் வருகிறது. இயல்பான அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5.1 வரை. 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால் மருத்துவர் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்கிறார். மதுரைக்குக் கார் பேசப்படுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் விமான டிக்கெட் தேடத் தொடங்குகிறார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.4. உடனே எல்லோரும் சொல்வது "மெஷின் சரியில்லை" என்பதுதான். பெரும்பாலும் மெஷின் சரியாகவே சொல்லியிருக்கும். டியூபுக்குள் அந்த நேரத்தில் 6.8 இருந்தது, ஆச்சியின் உடம்பில் 4.4 இருந்தது.

ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி மாதிரி மெஷினுக்குள் போகும் முன்பே நடந்துவிடுகிறது. செட்டிநாட்டில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர், ஆத்தங்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அவர்களால் லேபுக்கு வர முடிவதில்லை. டெக்னீஷியன் வண்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ கொண்டுவருகிறார். எடுக்கும் இடத்துக்கும் மெஷினுக்கும் நடுவே பல கிலோமீட்டர் வெயில் இருக்கிறது.

பொட்டாசியம் ஏன் பொய் சொல்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே உள்ள திரவத்தில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல். அணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே அத்தனையும் வெளியே கொட்டிவிடும். உடைப்பது நம் கைதான். மிக மெல்லிய ஊசியைப் போட்டு சிரிஞ்சை வேகமாக இழுப்பது, எடுத்த ரத்தத்தை அதே ஊசி வழியாக டியூபின் ரப்பர் மூடிக்குள் அழுத்தித் தள்ளுவது, கலக்க வேண்டும் என்று டியூபைப் பிடித்துக் குலுக்குவது, தடவிய ஸ்பிரிட் காய்வதற்குள் குத்துவது எல்லாமே சிவப்பணுவை உடைக்கும். ஸ்பிரிட் காய அரை நிமிடம் போதும். டியூபைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்: ஊதா மூடி என்றால் 8 முதல் 10 தடவை, நீல மூடி என்றால் 3, 4 தடவை.

அணு உடையாமலே பொட்டாசியம் ஏறுவதும் உண்டு. நரம்பு தெரியவில்லை என்று ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "நல்லா மூடி மூடித் திறங்க" என்று சொல்வது நம் பக்கம் எங்கும் வழக்கம். தசை வேலை செய்யும்போது அதிலிருந்து பொட்டாசியம் கசிந்து, கட்டிய கையிலேயே தேங்கிவிடுகிறது. கையை ஒருமுறை மூடி வைத்துக்கொண்டால் போதும். பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நரம்பு கிடைக்கவில்லையா, அவிழ்த்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி கட்டலாம். பட்டாசாலையின் அரை இருட்டில் தடவித் தேடுவதை விட, ஆச்சியை வளவுப் பக்கம் வெளிச்சம் விழும் இடத்தில் உட்காரவைப்பது எவ்வளவோ மேல்.

டியூப்களில் ரத்தம் நிரப்பும் வரிசையும் இதோடு சேர்ந்தது. ஊதா மூடிக்குள் இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ பொதுவாகப் பொட்டாசியம் உப்பாகவே இருக்கும். அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தம் குறைவாக விழுந்துவிட்டது என்று ஊதா டியூபிலிருந்து சிவப்பு டியூபுக்குக் கொஞ்சம் ஊற்றினால், பொட்டாசியம் எகிறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் விழும். இந்த மூன்றும் ஒன்றாக வந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் நோயைத் தேடும் முன் டியூபைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு டியூபிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வரிசை இதுதான்: ரத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாட்டில் முதலில், பிறகு நீலம், அடுத்து சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். நீல டியூபில் குறியிட்ட கோடு வரை ரத்தம் நிறைந்தே ஆக வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (நீல டியூபில் இருக்கும் உறைதடுப்பு மருந்து) என்பது கணக்கு. பாதி டியூப் ரத்தத்தில் ரத்தம் உறையும் நேரம் நீண்டு காட்டும். அதை நம்பி, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள்.

இனி வெயில். சித்திரை, வைகாசியில் வண்டியின் பெட்டிக்குள் இருக்கும் சூடு வெளியே இருப்பதை விட அதிகம். அதற்குப் பயந்து சிலர் ஐஸ் பேக்கின் மேலேயே டியூபைப் படுக்கவைக்கிறார்கள். இது அடுத்த தவறு. பொட்டாசியத்தை அணுவுக்குள் இழுத்துவைத்திருக்கும் இயக்கம் குளிரில் நின்றுவிடும். பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதே கதைதான். சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் திரவம்) நிறம் மாறாமல் தெளிவாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. சிவப்பு, மஞ்சள் டியூப்கள் 20 முதல் 25 டிகிரியில், நிமிர்ந்த நிலையில் வர வேண்டும். ஐஸ் பேக்குக்கும் டியூபுக்கும் நடுவே அட்டையோ துணியோ இருக்கட்டும். எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். அரை மணி நேரம் உறையவிடாமல் அவசரமாகச் சுற்றினால் சீரத்தில் இழை இழையாக நின்று மெஷினை அடைக்கும். தினமும் ஐந்தாறு ஊர் சுற்றும் லேபாக இருந்தால், நடுவில் ஓர் ஊரில், ரத்தத்தைச் சுற்றிச் சீரத்தைப் பிரிக்கும் சிறிய சென்ட்ரிஃபியூஜ் ஒன்று வைப்பது வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. மஞ்சள் காமாலைக்காக பிலிரூபின் பார்ப்பதாக இருந்தால் டியூபைக் கறுப்புத் தாளில் சுற்றிவிடுங்கள். வெளிச்சம் அதைக் குறைத்துவிடும்.

சர்க்கரைக்குத் தாமதமும் வெயிலும் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. டியூபுக்குள்ளும் அணுக்கள் உயிரோடு இருந்து குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. 126 என்று வந்திருக்க வேண்டியது 112 என்று வந்து, சர்க்கரை நோயே இல்லை என்று ஒருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். சாம்பல் மூடியில் இருக்கும் ஃப்ளோரைடு இதைத் தடுக்கும். ஆனால் அது முழுமையாகப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் சாம்பல் டியூபில் எடுத்துவிட்டோம் என்று மெத்தனமாக இருக்க முடியாது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு பெயரில் நடப்பது. நகரத்தார் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயரை இடுவது மரபு. தாத்தா மு. லெட்சுமணன், மகன் லெ. முத்தையா, பேரன் மறுபடி மு. லெட்சுமணன். இனிஷியல் வரை ஒன்றே. டியூபில் இந்தப் பெயரை மட்டும் எழுதினால் எண்பது வயதுக்காரரின் கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) அளவு இளைஞரின் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். வயதும் பதிவு எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும். காலையில் கிளம்பும்போதே எல்லா டியூபிலும் பெயர் ஒட்டிக்கொண்டு போவதை அடியோடு நிறுத்துங்கள். ரத்தம் எடுத்தவுடன், அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒட்ட வேண்டும். "லெட்சுமணன் ஐயாதானே?" என்று கேட்டால் காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டுவார். "ஐயா, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வெறும் வயிறு என்றால் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம், கொழுப்புக்கு 9 முதல் 12. அதற்காகத் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். நரம்பு வற்றிப்போய்க் குத்திக் குத்திப் பார்க்க வேண்டியதாகிவிடும். காபி, பால் சேராது. சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரைக்கு இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்த் திரும்பியவுடன் "முழு உடல் பரிசோதனை" செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நெடுநடையில் தசை தேய்ந்து சிகே (தசையிலிருந்து வரும் நொதி), எஸ்ஜிஓடி (தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் நொதி) இரண்டும் உயர்ந்திருக்கும். கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட நேரும். ஒரு வாரம், பத்து நாள் ஓய்வெடுத்த பிறகு பாருங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், தைராய்டு அளவைப் புரட்டிக் காட்டும். டிரிப் ஏறும் கையிலிருந்து ரத்தம் எடுக்க வந்தால், மற்றக் கையை நீட்டுங்கள்.

சிறுநீரில் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில். 24 மணி நேரச் சிறுநீர் என்றால் முதல் நாள் காலை முதல் தடவை கழிப்பதைச் சேர்க்கக் கூடாது, மறுநாள் காலை முதல் தடவையைச் சேர்க்க வேண்டும். சளிப் பரிசோதனைக்கு எச்சில் பயன்படாது, நெஞ்சிலிருந்து இருமி எடுத்தது வேண்டும். ரத்த கல்ச்சர் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்கப்பட வேண்டும். அந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

லேபிலிருந்து "மறுபடி ரத்தம் வேண்டும்" என்று அழைத்தால் கோபப்படாதீர்கள். கெட்ட மாதிரியைத் திருப்பி அனுப்பும் லேப் உங்களுக்கு நல்லது செய்கிறது. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லேப் நடத்துகிறவர்கள் திருப்பிய ஒவ்வொரு மாதிரியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்: எந்த ஊர், எடுத்தது எத்தனை மணி, வந்தது எத்தனை மணி, எடுத்தவர் யார், என்ன கோளாறு. மாதம் ஒருமுறை உட்கார்ந்து அதைப் படித்தால், எந்த வழியில் வண்டி முன்கூட்டியே திரும்ப வேண்டும், யாருக்கு ஊசி பிடிக்க இன்னும் பயிற்சி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.