கூலன்ற் சென்சரில் கைவைக்க முன்

எஞ்சினைச் சுற்றும் தண்ணீரின் (கூலன்ற்றின்) வெப்பத்தை அளந்து காரின் கணினிக்குச் சொல்வதுதான் கூலன்ற் சென்சர். எஞ்சின் விளக்கு எரிந்தால், வேலை பழக வரும் தம்பிமார் பழுது இலக்கம் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவார்கள். திரையில் பி0116 அல்லது பி0118 என்று கூலன்ற் சென்சர் பக்கத்துப் பழுது இலக்கம் விழும். உடனே ஒருவர் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுச் சென்சர் வாங்கப் போய்விடுவார். பின்னேரத்துக்குள் பூட்டி முடிந்துவிடும். அடுத்த நாள் காலை அதே கார், அதே விளக்கு எரிய, வாசலில் வந்து நிற்கும். இந்தத் தொழிலில் நிற்கிற எல்லாரும் ஒரு காலத்தில் இப்படிச் செய்தவர்கள்தான். அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கொதிக்கிற எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்காதே என்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அது தெரியாமல் பொனெற்றையே திறக்கக்கூடாது.

எந்தச் சென்சர் என்று பார்க்காமல் கழற்றுவது

பழைய கார்களில் இரண்டு இருக்கும். ஒற்றை வயர் வருவது மீற்றர் முள்ளுக்கு. இரண்டு வயர் வருவது ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினை ஆளும் கணினிக்கு. முள்ளு அசையவில்லை என்றால் இரண்டு வயர்க்காரனை மாற்றிப் பயனில்லை. புதிய கார்களில் பெரும்பாலும் ஒன்றுதான். முள்ளுக்கும் ஈசியூதான் சொல்கிறது.

அளக்காமல் மாற்றுவது

உள்ளே இருப்பது ஒரு தேர்மிஸ்டர். சூடு ஏற ஏறத் தடை இறங்கும். ஜப்பான் கார்கள் பலவற்றில் 20 பாகையில் ஏறக்குறைய 2,450 ஓம், 80 பாகையில் 320 ஓம் அளவு. இரவு முழுக்க நின்ற எஞ்சின் யாழ்ப்பாணத்து விடியலில் 28, 30 பாகையில் இருக்கும். அப்போது 1,600க்கும் 1,900க்கும் இடையில் காட்டினால் குளிர்ப் பக்கம் சரி. பிறகு சென்சரைக் கழற்றி, 80 பாகைச் சுடுதண்ணீர்க் குவளையில் முனையை அமிழ்த்தி இன்னொரு தடவை அளக்க வேண்டும். குளிரில் சரியாகவும் சூட்டில் பிழையாகவும் காட்டுகிற சென்சர்கள் உண்டு. கடையில் வாங்கிய புதுச் சென்சரையும் இப்படி அளந்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். உருவம் ஒன்றாக இருந்து தடை வேறாக இருக்கிற சாமான்கள் சந்தையில் தாராளம்.

ஓம் அளக்கும் மீற்றரை எடுக்க முன்னமே ஸ்கேனர் பாதி விடயத்தைச் சொல்லிவிடும். காலையில் எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் போட்டு, கூலன்ற் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் இரண்டு மூன்று பாகைக்குள் ஒத்துப்போக வேண்டும். அடுத்து கனெக்ரரைக் கழற்றினால் திரையில் −40 வர வேண்டும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் தொடுத்தால் 120, 140 என்று மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியூவும் சரி, பழுது சென்சரில். தொடுத்த பிறகும் −40 இலேயே நின்றால் வயர் எங்கோ வெட்டுண்டிருக்கிறது. அப்போது பத்துச் சென்சர் பூட்டினாலும் அதே கதைதான்.

கனெக்ரரைக் கழற்றும்போது உள்ளே கண்ணால் பாருங்கள். குருநகர், பருத்தித்துறை மாதிரிக் கடலோரத்தில் நிற்கும் கார்களில் பித்தளைப் பின்னைச் சுற்றிப் பச்சைப் பாசி பிடித்தது போல இருக்கும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். அந்தத் தூள்தான் இடைக்கிடை வந்து போகிற பழுதுகள் பலவற்றுக்குக் காரணம். கொன்ராக்ற் கிளீனர் அடித்து, பின்னின் பிடியை மெல்ல இறுக்கிவிட்டால் சென்சர் வாங்கவே தேவைப்படாது.

தேர்மோஸ்டற்றை எறிந்துவிட்டுச் சென்சரைக் குறை சொல்வது

இதை எழுதத் தொடங்கியதே இந்த ஒன்றுக்காகத்தான். தேர்மோஸ்டற் என்பது எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடிவைத்து, சூடேறியதும் திறக்கிற வால்வு.

“எங்கட வெக்கைக்கு உது தேவையில்லைத் தம்பி, அது குளிர் நாட்டுக்காரனுக்கு” என்று சொல்லித் தேர்மோஸ்டற்றைக் கழற்றிக் குப்பையில் போடுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55, மொறிஸ் மைனர் ஓடிய காலத்துப் பழக்கம் இது. அந்தக் கார்களில் கார்பரேற்றர். சோக்கைக் கையால் இழுத்துவிட்டு, எஞ்சின் சூடேறியதும் கையாலேயே தள்ளிவிடுவார்கள். எஞ்சின் 60 பாகையில் ஓடுகிறதா 85 இல் ஓடுகிறதா என்று கேட்க அங்கே ஒரு கணினியும் இல்லை. இன்றைய விற்ஸ், அக்சியோ, வகன் ஆர் எல்லாவற்றிலும் பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பதற்கு இந்த வெப்பம் ஒரு முக்கிய கணக்கு. எஞ்சின் சூடேறவில்லை என்று கண்டால் ஈசியூ சோக் இழுத்தது போலப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

இப்படித்தான் ஒரு விற்ஸ் மூன்று சென்சர் மாற்றிய பிறகு கொடிகாமப் பக்கமிருந்து வந்தது. முறைப்பாடு: பெற்றோல் குடிக்கிறது, எஞ்சின் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. ஸ்கேனரைச் செருகியபடியே ஓடிப் பார்த்தால் யாழ். பேருந்து நிலையத்தடி நெரிசலில் 84 பாகை. ஏ9 வீதியில் ஏறி ஆனையிறவு வெட்டைக் காற்றில் போகும்போது 61. திரும்பிவந்து நெரிசலில் நின்றால் மறுபடி 80க்கு மேல். மூன்று சென்சரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. பழுதான சென்சருக்குக் காரின் வேகம் தெரியாது. வேகம் கூடினால் இறங்கி, நின்றால் ஏறுகிற வெப்பம் என்றால் தேர்மோஸ்டற் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது. அந்தக் காரில் பதிந்திருந்த இலக்கமும் பி0128. எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வரவில்லை என்பதுதான் அதன் பொருள். சென்சர் பழுது என்று அது சொல்லவே இல்லை. இலக்கத்தின் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடினால் காசுதான் போகும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பல எஞ்சின்களின் தேர்மோஸ்டற்றில் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல்தட்டு திறந்து ரேடியேற்றருக்கு வழிவிடும்போது, அடித்தட்டு இறங்கிப் பைபாஸ் துவாரத்தை மூடும். முழுச் சாமானையும் கழற்றிவிட்டால் அந்தத் துவாரம் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர்ப் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மத்தியான வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் கொதிக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதுதான் சூட்டுக்குக் காரணமாகிறது. அலுமினிய ஹெட் வளைந்தால் ஹெட் காஸ்கெற்றோடு செலவு முடியாது.

அக்குவா போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் தேர்மோஸ்டற் இல்லாததை வேறு விதமாக உணர்வார்கள்: காரை நிறுத்தினாலும் எஞ்சின் அணையாது. சூடேறும்வரை அதை ஓடவைக்கச் சொல்லித்தான் கணினிக்கு எழுதியிருக்கிறது.

சந்தேகம் என்றால் தேர்மோஸ்டற்றைக் கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் வெப்பமானியோடு போட்டுச் சூடாக்குங்கள். சட்டியின் அடியில் முட்டாமல் நூலில் தொங்கவிட வேண்டும். அடுப்படியில் ஐந்து நிமிட வேலை. விற்ஸ், அக்சியோவின் 1என்இசட் எஞ்சினில் 80க்கும் 84க்கும் இடையில் திறக்கத் தொடங்கும். ஆறவிட்டால் இறுக்கமாக மூட வேண்டும். பூட்டும்போது, காற்று வெளியேறவென்று தேர்மோஸ்டற்றின் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன வால்வு மேல்பக்கம் வரவேண்டும். ரப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர்

குடாநாட்டுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்தல் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம் சென்சரின் பித்தளை முனையிலும் ஓடுபோலக் கட்டும். சென்சர் பழுதாகாமலே, போர்வை போர்த்தியது போலப் பிந்திச் சூட்டை உணரும். முனையைத் துடைத்துவிட்டுத் திரும்பக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் என்ன பயன்? பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ற் கலந்தே வருகிறது. அதற்குத் தண்ணீர் சேர்க்கக்கூடாது. எங்கள் ஊரில் தண்ணீர் உறையாதுதான். ஆனால் கூலன்ற்றில் இருக்கிற துருத்தடுப்பு மருந்து இங்கேதான் கூடுதலாகத் தேவை.

மரையில் வெள்ளை ரேப் சுற்றுவது

ஒற்றை வயர்ச் சென்சருக்கு எஞ்சின் உடம்புதான் ஏர்த். ரேப் சுற்றினால் ஏர்த் அறும்.

ரெசிஸ்டர் பூட்டி ஏமாற்றுவது

கூடவே கூடாது. எஞ்சின் கொதித்தாலும் ஈசியூ 80 என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

காற்றை வெளியேற்றாமல் சாவியைக் கொடுப்பது

சென்சரை மாற்ற முழுக் கூலன்ற்றையும் இறக்கத் தேவையில்லை. எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, திரும்ப மூடுங்கள். புதுச் சென்சரைப் புது வளையத்தோடு ஒரு கையில் வைத்துக்கொண்டு, 19 இலக்க ஆழ சொக்கெற்றால் பழையதைத் தளர்த்தி, கழன்ற உடனே புதியதை விரலால் மரையில் பிடிக்க வைக்க வேண்டும். ஒரு குவளை அளவுதான் சிந்தும். 20 நியூற்றன் மீற்றர் அளவு முறுக்கு போதும்; அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும்.

பிறகு மூடியைத் திறந்துவைத்து நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விடுங்கள். குமிழி வந்து நிற்கும்வரை நிரப்பி, மூடியைப் போட்டு, ஃபான் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஆறியதும் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். சென்சரைச் சுற்றிக் காற்று நின்றால் அது தண்ணீரின் சூட்டை உணராது. எஞ்சின் கொதிக்கும், திரை குறைவாகக் காட்டும். மின்சார வோட்டர் பம்ப் உள்ள ஹைபிரிட்டில் ஹோஸைப் பிசைவது போதாது. ஸ்கேனரால் பம்பை ஓடவிட வேண்டும்.

ஒயிலை மறப்பது

பல நாள் பெற்றோல் கூடுதலாகக் குடித்த எஞ்சினில் ஒயில் கோலை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணத்தாலோ, மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றாலோ, மைலேஜ் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.