கரண்ட் போனாலும் வேலை நிற்காத டீம் வேண்டுமா?

கோத்தகிரியில் ஐந்து பேராகச் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறோம். ஐப்பசி மழையில் ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்தால் போதும், அன்றைக்குக் கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். அதனால் டீம் அமைக்கும்போது நான் முதலில் பார்ப்பது, இவர் நாளைக்கு வராவிட்டால் எந்த வேலை நிற்கும் என்பதைத்தான்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. சர்வரில் புது வெர்ஷன் ஏற்றுவது ஒருவருக்குத்தான் தெரியும், அவரோ தீபாவளி முடிந்து திரும்பும்போது மண்சரிவில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மாட்டிக்கொண்டார். ஒரு கஸ்டமரின் பில்லிங் ஒன்றரை நாள் நின்றது. திட்டு வாங்கியது நான், நியாயம்தான்.

அப்புறம் இப்படி மாற்றினோம். வெர்ஷன் ஏற்றும் படிகளை, கோடு (code, அதாவது நாங்கள் எழுதும் புரோகிராம்) இருக்கும் இடத்திலேயே ஒரு ஃபைலாக எழுதி வைத்தோம். எழுதினால் மட்டும் போதாது, தெரியாதவர் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார வேண்டும் (இதுதான் கஷ்டம்). எங்கே திணறுகிறாரோ அங்கே ஃபைலில் குறை, உடனே திருத்துங்கள். வெர்ஷன் ஏற்றும் ஆளை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நம்பாதீர்கள். 5 பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10, அதுவே 10 பேர் என்றால் 45. தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கம்ப்யூட்டர் நிபுணர் பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். வேலையைக் குறையுங்கள்.

கோடு ரிவியூவில், அதாவது ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பதில், நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சீனியரை "அண்ணா" என்று கூப்பிடும் பையன் அண்ணன் எழுதியதில் தப்பு சொல்ல மாட்டான், "ஓகேண்ணா" என்று முடித்துவிடுவான். "எப்படி இருக்கு?" என்று கேட்காமல் "இது எங்கே உடையும்?" என்று கேளுங்கள், பதில் வரும். ஒரு ரிவியூவுக்கு இருநூறு வரிக்கு மேல் அனுப்பாதீர்கள், யாரும் படிப்பதில்லை.

கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) சாஃப்ட்வேரில் நெட் இல்லாமலும் கமிட் செய்யலாம், அதாவது மாற்றத்தை நம் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யலாம் என்பதால் முந்தின நாள் சாயங்காலமே எல்லோரும் புதுக் கோடை இறக்கி (pull) வைத்துக்கொண்டு, மறுநாள் வேலை என்ன என்பதையும் எழுதி வைத்துவிடுவோம்.

சம்பளமா? மலையில்தானே இருக்கிறார்கள் என்று குறைத்துக் கொடுத்தால் பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.