வெறுப்பும் காதலும்: கத்துல்லுஸைத் தமிழாக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வாசிப்புக் குழுக்களுக்கு

கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸின் 85ஆம் கவிதையில் தொடங்குங்கள். மொத்தம் 2 அடி, 14 சொல். அதில் 8 வினை. பெயர்ச்சொல், பெயரடை ஒன்றுகூட இல்லை. முதலில் வாய்விட்டுப் படியுங்கள். 'ஓடி எத் அமோ' என்பதில் இகரம் விழுந்து 'ஓடெத் அமோ' என்றே ஒலிக்க வேண்டும்.

'ஓடி' என்றால் வெறுக்கிறேன், 'அமோ' காதலிக்கிறேன். லத்தீன் போலவே தமிழிலும் விகுதியே ஆளைக் காட்டிவிடும் என்பதால் 'நான்' வேண்டாம். பலர் சறுக்குவது இங்கேதான்: 'உன்னை' என்று சேர்க்கிறார்கள், நடுவில் 'ஆனால்' போடுகிறார்கள். மூலத்தில் யாரை என்பதே இல்லை; இரண்டும் 'உம்' போட்டு ஒன்றாக நிற்கின்றன. 'ஆனால்' வருவது இரண்டாம் அடியில்:

வெறுக்கவும் செய்கிறேன், காதலிக்கவும். ஏன் செய்கிறாய் என்பாய் ஒருவேளை.
தெரியவில்லை, ஆனால் நேர்வதை உணர்கிறேன், வதைபடுகிறேன்.

முதலடியில் 'செய்வது', அடுத்ததில் 'நேர்வது'. இந்த மாற்றம் தொலைந்தால் கவிதையே தொலைந்தது. லத்தீன் மூலத்தின் கடைசிச் சொல்லுக்குள் சிலுவை இருக்கிறது, அடிமைகளை அறைந்த ரோமானியச் சிலுவை. தமிழில் அப்படியே வைத்தால் ஏசு நினைவுக்கு வந்துவிடுவார், வதையோடு நிறுத்துங்கள். நீண்ட அடி, குறுகிய அடி என்ற அமைப்பைப் பார்த்துக் குறள் வெண்பாவுக்கு ஆசை வரும். 7 சீரில் 8 வினை அடங்காது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது 72ஆம் கவிதை, 8 அடி. காதலி மேலிருந்த மதிப்பு போனதைச் சொல்வது இதில்தான். முன்பு காதலி லெஸ்பியாவை, தகப்பன் மகன்களையும் மருமகன்களையும் நேசிப்பதுபோல் நேசித்தேன் என்கிறார். மாப்பிள்ளை மரியாதை தெரிந்த ஊரில் இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. இப்போது அவள் 'விலியோர்', 'லெவியோர்': விலையும் குறைந்தவள், எடையும் குறைந்தவள். மாங்காய் மண்டியில் பார்க்கும் அதே இரண்டு கணக்கு. 'மலிந்துபோனாய், கனமற்றுப்போனாய்' எனலாம். 'கேவலமானவள்' என்பது வசவு, மூலத்தில் அது இல்லை.

மரியாதை போனதைக் காட்ட 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்காதீர்கள். லத்தீனில் தொடக்கம் முதல் ஒருமைதான்.

கடைசி இரண்டடியில் வரும் 'இனியூரியா'வை ஊடல் என்று எழுதுவது பெரிய பிழை. ஊடல் கூடலில் முடியும். இது நம்பியவருக்குச் செய்த அநியாயம். அந்த அநியாயம் காதலைக் கூட்டுகிறது, 'பெனே வெல்லே'யைக் குறைக்கிறது. 'பெனே வெல்லே' மரியாதை அல்ல, 'நல்லாயிருக்கட்டும்' என்று நினைக்கும் மனசு. அகத்திணையோடு ஒப்பிடுவதென்றால் எச்சரிக்கை: அங்கே தலைவன் தலைவிக்குப் பெயர் சுட்டக்கூடாது, இவரோ காதலிக்குப் புனைபெயரும் வைத்து, தன் பெயரையும் பாட்டிலேயே சொல்கிறார்.

ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுபவர் குழுவில் இருந்தால் 72இன் கடைசி இரண்டடியை அவர்கள் மொழியிலும் சொல்லச் சொல்லுங்கள். காதலும் நல்லெண்ணமும் ஒரே சொல்லாகிவிட்டால் திரும்பப் பிரியுங்கள். பிறகு 75க்குப் போகலாம்: நீ உத்தமியானாலும் நல்லது நினைக்க முடியாது, என்ன செய்தாலும் காதலை நிறுத்தவும் முடியாது.