யோகிச்சை எங்கே நிறுத்துவது? சென்டர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மார்ச் 7 அன்று டென்வர் நக்கெட்ஸ் அணியின் நிகோலா யோகிச், ஃபீனிக்ஸ் அணிக்கு எதிராக 31 புள்ளிகள், 21 ரீபவுண்டுகள் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 22 அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) எடுத்தார். 30-20-20 என்ற அளவை ஒரே ஆட்டத்தில் அதற்கு முன்பு அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் யாரும் தொட்டதில்லை. அதன் பிறகு என்னிடம் கூடைப்பந்து பேச வருகிற இளைஞர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த சென்டர்கள் (கூடையை ஒட்டி ஆடும் உயரமான வீரர்கள்) வரிசையில் அவருக்கு எத்தனையாவது இடம்?

கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு அவர்கள் அடுக்குகிற வாதங்களைக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுமை போகிறது. ஷகீல் ஓனீலா, ஹக்கீம் ஒலாஜுவானா என்று என் வயதுக்காரர்கள் விடிய விடியச் சண்டை போட்ட காலத்தில் செய்த பிழைகளை இவர்கள் ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள். இரண்டு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பிடித்த அணி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உச்சமா, முழு வாழ்க்கையா என்று பேசிக்கொள்ளாமல் தொடங்குவது

ஒருவர் யோகிச்சின் 2024-25 சீசனைச் சொல்கிறார்: ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளிகள், 12.7 ரீபவுண்டுகள், 10.2 அசிஸ்டுகள். ஒரு சீசன் முழுவதும் டிரிபிள் டபுள் (மூன்று பிரிவுகளில் இரட்டை இலக்கம்) சராசரி வைத்த முதல் சென்டர் அவர். எதிரே உட்கார்ந்திருப்பவர் கரீம் அப்துல் ஜப்பாரின் 20 சீசன்களையும் 38,387 புள்ளிகளையும் சொல்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் ஒருவர் ஒரு மனிதன் எட்டிய உயரத்தைப் பேசுகிறார், மற்றவர் அங்கே எவ்வளவு காலம் நின்றார் என்பதைப் பேசுகிறார். இப்படியே இரண்டு மணி நேரம் போகும். கடைசியில் குரல் உயர்ந்ததுதான் மிச்சம்.

முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். உச்சம் என்றால் ஒவ்வொருவரின் மிகச் சிறந்த மூன்று அல்லது ஐந்து சீசன்களை மட்டும் எடுங்கள். முழு வாழ்க்கை என்றால், 2024-25 சீசனோடு பத்து ஆண்டுகளை முடித்த ஒருவரை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டவர்களோடு ஒப்பிடுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். இனி அவர் செய்யப்போவதை இன்றே அவர் கணக்கில் எழுதுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாகப் படிப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிற தவறு இது. மற்ற தவறுகள் வரிசையில் ஓரிரண்டு இடங்களை மாற்றும். இது வரிசையையே தலைகீழாக்கிவிடும்.

கல்லூரி மாணவர் ஒருவர் மிகுந்த உழைப்போடு ஓர் அட்டவணை தயாரித்துக் கொண்டுவந்தார். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எறியும் பந்தைத் தடுப்பது), இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டியிருந்தார். யோகிச் மேலே இருந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் சென்டர் பில் ரஸ்ஸலைத் தேடினேன். ராபர்ட் பாரிஷ் என்ற சென்டருக்கும் கீழே கிடந்தார். 13 சீசன்களில் 11 முறை சாம்பியன் ஆன மனிதர்! ஏன் என்று பார்த்தால், பிளாக், ஸ்டீல் இரண்டு பத்திகளிலும் ரஸ்ஸலுக்கு எதிரே எதுவும் இல்லை. கணினி அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

என்.பி.ஏ. பிளாக்கையும் ஸ்டீலையும் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் 1969-இல் ஓய்வு பெற்றுவிட்டார். வில்ட் சேம்பர்லெயின் என்.பி.ஏ.வில் கடைசியாக ஆடியது 1972-73 சீசன். கூடைப்பந்து கண்ட இரண்டு பெரிய தடுப்பாளர்களும் களத்தை விட்டுப் போன பிறகுதான் தடுப்பதை எண்ண ஆரம்பித்தார்கள்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். லேக்கர்ஸ் அணியில் சேம்பர்லெயின் விட்டுச்சென்ற இடத்துக்கு எல்மோர் ஸ்மித் வந்தார். 1973 அக்டோபர் 28 அன்று ஒரே ஆட்டத்தில் 17 பிளாக்குகள் எடுத்தார். எண்ணத் தொடங்கிய முதல் மாதத்திலேயே வைக்கப்பட்ட அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஸ்மித் திறமையானவர், ஐயமில்லை. ஆனால் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் ரஸ்ஸலும் சேம்பர்லெயினும் அந்த எண்ணிக்கையை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொன்று, குவாட்ரூபிள் டபுள். நான்கு பிரிவுகளில் இரட்டை இலக்கம் தொட்டவர்கள் வரலாற்றிலேயே நான்கு பேர் மட்டும் என்று எல்லா இடங்களிலும் எழுதுகிறார்கள்: 1974-இல் நேட் தர்மண்ட், 1986-இல் ஆல்வின் ராபர்ட்சன், 1990-இல் ஒலாஜுவான், 1994-இல் டேவிட் ராபின்சன். முதல் பெயரின் ஆண்டைப் பாருங்கள். எண்ணத் தொடங்கிய அடுத்த ஆண்டு. அப்போது தர்மண்டுக்கு வயது 33. பதினொரு சீசன்கள் ஆடிக் களைத்து, புதிய அணிக்கு வந்து ஆடிய முதல் ஆட்டத்தில் 22 புள்ளிகள், 14 ரீபவுண்டுகள், 13 அசிஸ்டுகள், 12 பிளாக்குகள் எடுத்தார். அவருடைய இளமைக் கால ஆட்டங்களில் என்ன நடந்தது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. ‘வரலாற்றில்’ என்று தொடங்குகிற பிளாக் கணக்கு எதுவானாலும் ‘1973-74 முதல்’ என்று திருத்திப் படியுங்கள்.

பிளாக் பட்டியலில் 3,830 எடுத்து ஒலாஜுவான் முதலிடத்தில் இருக்கிறார். கரீம் 3,189 எடுத்து மூன்றாவது. கரீமின் முதல் நான்கு சீசன்கள், அதாவது இருபதுகளின் தொடக்கத்தில் அவர் துள்ளி ஆடிய ஆண்டுகள், அந்தக் கணக்கில் இல்லை. இதைச் சொல்லாமல் அந்தப் பட்டியலை நீட்டுகிறவரோடு நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அப்படியே. 1969-இல்தான் அது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அதுவே ரஸ்ஸலின் கடைசி ஆண்டு. “யோகிச்சிடம் ஒன்று இருக்கிறது, ரஸ்ஸலிடம் ஒன்றுகூட இல்லை” என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 2009 முதல் அந்த விருதின் பெயரே பில் ரஸ்ஸல் விருது.

உள்ளூர்ப் போட்டிகளில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து எழுதியவன் நான் என்பதால் இது எனக்கு வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை அல்ல. அந்தத் தாளில் புள்ளிகளுக்கும் ஃபவுல்களுக்கும் டைம் அவுட்டுக்கும் இடம் உண்டு. ரீபவுண்டுக்கே இடம் கிடையாது. கூடைக்குக் கீழே ஓர் உயரமான பையன் நின்ற ஒரே காரணத்தால் எதிரணி உள்ளே நுழையவே அஞ்சி, வெளியிலிருந்தே எறிந்து எறிந்து தோற்ற ஆட்டங்களை நான் எழுதியிருக்கிறேன். அவன் பெயருக்கு நேரே நாலைந்து புள்ளிகள் இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தாளை மட்டும் பார்ப்பவர் அவனை அணியிலிருந்தே நீக்கச் சொல்வார்.

ரஸ்ஸலின் காலத்தில் அந்த அச்சத்தை அறிந்தவர்கள் அவரை எதிர்த்து ஆடியவர்கள். 1961-62 சீசனில் சேம்பர்லெயின் ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள் சராசரி வைத்தார். ஹெர்ஷி நகரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்ததும் அதே சீசனில்தான். ஆஸ்கர் ராபர்ட்சன் டிரிபிள் டபுள் சராசரி வைத்தார். ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர் விருது ரஸ்ஸலுக்குப் போனது. அந்தக் காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர், வீரர்களே. 1980 வரை அதுதான் நடைமுறை. யாரைத் தாண்டிக் கூடையை எட்டுவது கடினம் என்பதைத் தோளோடு தோள் உரசி அறிந்தவர்கள் கொடுத்த சாட்சியம் அது. வெற்றுக் கட்டத்தில் எதையாவது நிரப்ப வேண்டுமென்றால் அதை வைத்து நிரப்புங்கள்.

யோகிச்சின் நிலை இதற்கு நேர் எதிர். 2013-14 முதல் எல்லா அரங்குகளிலும் வீரர்களின் ஒவ்வோர் அசைவையும் பின்தொடரும் கேமராக்கள் இருக்கின்றன. அவர் பந்தை எத்தனை முறை தொட்டார், அவருடைய எந்தப் பாஸ் அடுத்தவரின் அசிஸ்டுக்கு வழிவகுத்தது என்பதுவரை பதிவாகிறது. எல்லாம் எண்ணப்பட்ட ஒருவரைப் பாதி எண்ணப்பட்ட ஒருவரோடு ஒப்பிடும்போது, இருவருக்கும் பொதுவாக எண்ணப்பட்ட பத்திகளை மட்டுமே எடுக்க வேண்டும்.

எண்ணப்பட்ட பத்திகளையும் அப்படியே எடுத்துவிட முடியாது. சேம்பர்லெயின் அதே 1961-62-இல் ஆட்டத்துக்கு 25.7 ரீபவுண்டுகள் எடுத்தார். யோகிச்சின் 12.7 அதில் பாதிதான் என்று பழைய ரசிகர்கள் மார்தட்டுவார்கள். அன்று ஆட்டம் அசுர வேகத்தில் நடந்தது. எறிந்த பந்துகளில் பாதிக்கு மேல் கூடைக்குள் போகவில்லை. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் சுமார் 70 ரீபவுண்டுகள் கிடைத்தன. இன்று சுமார் 44. போதாததற்கு சேம்பர்லெயின் அந்தச் சீசனில் ஆட்டத்துக்கு 48.5 நிமிடங்கள் களத்தில் நின்றார். யோகிச் நின்றது 36.7 நிமிடங்கள். நிமிடத்தையும் கிடைத்த ரீபவுண்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிட்டால் இருவரும் ஏறத்தாழ ஒரே பங்கைத்தான் அள்ளியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஓய்வே இல்லாமல் ஒரு சீசன் முழுவதும் நின்றது தனிச் சாதனை. அதைத் தனியாகப் பாராட்டுங்கள். ரீபவுண்டோடு கலக்காதீர்கள்.

சாம்பியன் மோதிரங்களை எண்ணித் தீர்ப்புச் சொல்வது

சிகாகோ புல்ஸ் அணியில் லூக் லாங்லி 1996 முதல் 1998 வரை மூன்று முறை சாம்பியன். ஒலாஜுவான் இரண்டு முறை. சேம்பர்லெயினும் இரண்டு முறைதான். யோகிச் ஒருமுறை, 2023-இல். அதனால் லாங்லி இவர்களைவிடப் பெரிய சென்டர் ஆகிவிடுவாரா?

ரஸ்ஸலின் 11 மோதிரங்களை ‘நல்ல அணி கிடைத்தது’ என்று தள்ளிவிடுவதும் தவறே. அவர் வருவதற்கு முன்பு பாஸ்டன் செல்டிக்ஸ் ஒருமுறைகூட வென்றதில்லை. அவர் ஓய்வு பெற்ற அடுத்த சீசனில் பிளே ஆஃப் சுற்றுக்கே அந்த அணி தகுதி பெறவில்லை. கடைசி இரண்டு பட்டங்களை அவரே பயிற்சியாளராகவும் இருந்து வென்றார். மோதிரத்தின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த வெற்றியில் அந்த ஆளின் பங்கு என்ன என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் யோகிச்சின் ஒற்றை மோதிரத்தின் கனமும் தெரியும். 2023 பிளே ஆஃபில் மொத்தப் புள்ளி, மொத்த ரீபவுண்ட், மொத்த அசிஸ்ட் மூன்றிலும் அவரே முதலிடம். அப்படி அதற்கு முன்பு யாரும் செய்ததில்லை.

மோசஸ் மலோனை மறந்துவிடுவது

மலோன் என்ற சென்டர் மூன்று முறை மிக மதிப்புமிக்க வீரர். யோகிச்சும் மூன்று முறை. பட்டியலில் மலோன் பெயர் இல்லையென்றால் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

டிராஃப்டில் 41-ஆவது இடம்

புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யோகிச் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர் என்பது கதைக்கு அழகு. தரவரிசைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

விதிப்புத்தகத்தைத் திறக்காமல் பேசுவது

“இன்றைய ஆட்டத்தில் ஷாக் (ஓனீல்) என்ன செய்வார்?”, “தொண்ணூறுகளில் யோகிச் தாக்குப்பிடிப்பாரா?” என்று கேட்பதற்கு முன் அவரவர் எந்த விதிகளின் கீழ் ஆடினார்கள் என்று பார்க்க வேண்டும். ஜார்ஜ் மைக்கனைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்துவதற்காக 1951-இல் கூடைக்கு முன்னிருக்கும் கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். சேம்பர்லெயினுக்காக 1964-இல் அது 16 அடி ஆனது. மூன்று புள்ளிக் கோடு 1979-80-இல் வந்தது. கரீம் அதற்கு முன்பே பத்து சீசன்கள் ஆடிவிட்டார், வாழ்நாளில் ஒரே ஒரு மூன்று புள்ளி எறிதலைத்தான் வெற்றிகரமாக முடித்தார். அது அவருடைய குறை ஆகாது. 2001-02-இல் ஸோன் தற்காப்பை (ஆளுக்கு ஆள் ஒட்டாமல் இடத்தைக் காப்பதை) அனுமதித்த பிறகு, கூடைக்கு முதுகு காட்டி நிற்கும் சென்டருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கி நிற்பது கடினமாகிவிட்டது. யோகிச்சின் பாஸ்கள் இந்தப் புதிய நெரிசலுக்குள் பிறந்தவை. நான்கு சக வீரர்களும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பரவி நிற்கும் வசதி அவருக்குக் கிடைத்தது என்பதும் உண்மை.

என்.பி.ஏ. மட்டும்தான் கூடைப்பந்து என்று நினைப்பது

லிதுவேனியாவின் அர்விதாஸ் சபோனிஸை 1986-இல் போர்ட்லேண்ட் அணி தேர்ந்தெடுத்தது. அவர் அங்கே போய் ஆடத் தொடங்கியபோது 1995 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் 1988 ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காகத் தங்கம் வென்றார். போர்ட்லேண்டுக்கு வந்தபோது முழங்காலும் குதிகாலும் தேய்ந்து போயிருந்தன. தலைக்கு மேலே பந்தைப் பிடித்துக்கொண்டு, பாராமலே பின்னால் ஓடுகிறவனுக்குக் கொடுக்கும் கலையை யோகிச்சுக்கு முன்பே செய்துகாட்டிய சென்டர் அவர். அவருடைய என்.பி.ஏ. எண்களை மட்டும் படித்துவிட்டு அவரைக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

முடிவைச் சொல்லாமல் நழுவுவது

“எல்லோரும் பெரியவர்கள்தான்” என்று முடித்துக்கொள்வது விவாதத்துக்குச் செய்கிற துரோகம். என் முடிவு இது. தாக்குதல் ஆட்டத்தில், உச்சத்தை மட்டும் எடுத்தால், யோகிச்சுக்கு மேலே நான் எந்தச் சென்டரையும் வைக்க மாட்டேன். முழு வாழ்க்கை என்று பார்த்தால் கரீம், ரஸ்ஸல், சேம்பர்லெயின் மூவரும் முன்னே நிற்கிறார்கள். நான்காம் இடத்துக்கு ஒலாஜுவான், ஓனீல், யோகிச் மூவருக்கும் போட்டி. ஒலாஜுவானுக்கு அதைக் கொடுக்கிறேன். 1994-இல் ஒரே சீசனில் மிக மதிப்புமிக்க வீரர், சிறந்த தற்காப்பு வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் சென்டர்களில் அவர் ஒருவர்தான் வென்றிருக்கிறார். யோகிச்சின் தற்காப்பு கேலி பேசுகிறவர்கள் சொல்வதைவிடப் பலமடங்கு நல்லது. கை சரியான இடத்தில் இருக்கும், பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும். இருந்தாலும் கூடையை நோக்கிப் பாய்கிறவனைத் திரும்பிப் போக வைக்கும் அச்சத்தை அவர் ஊட்டுவதில்லை. ஐந்தாம் இடம் ஓனீலுக்கா யோகிச்சுக்கா என்று கேட்டால், 2000 முதல் 2002 வரை மூன்று இறுதித் தொடர்களிலும் ஓனீலே சிறந்த வீரர் என்பதால் சற்றுத் தயங்குகிறேன். யோகிச் இன்னொரு முறை சாம்பியன் ஆனால் அந்தத் தயக்கம் எனக்கு இருக்காது.