அத்தையின் சம்புடமும் நூறாண்டுச் சட்டமும்: சித்தூர் பக்கம் போகிறவர்களுக்கு

கோயம்புத்தூரில் இறங்கிக் கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூருக்கோ கொழிஞ்சாம்பாறைக்கோ போகிறவர்களிடம், உறவினர் யாராவது பரணிலிருந்து பழங்காசுச் சம்புடத்தை இறக்கி, வெளிநாட்டில் விற்றுப் பணம் அனுப்பச் சொன்னால், அன்றே மறுத்துவிடுங்கள். நூறு ஆண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. மண்ணில் கிடைத்ததாக இருந்தால், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது கேரளத்தின் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

என் அத்தை கேட்டபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை. பாட்டியின் கடைசிக் காலத்தில் உடனிருந்து பார்த்தவர் அவர். மாதாமாதம் பணம் அனுப்பியவன் நான்.

சம்புடத்தில் சங்கு பொறித்த கொச்சி அரசின் புத்தன் காசுகளும், யானை நிற்கும் திப்புவின் செப்புக்காசும், மஞ்சாடி விதையளவே இருந்த ஒரு பொன் பணமும் கிடந்தன. சித்தூர் கொச்சி அரசுக்கும், பக்கத்துப் பாலக்காடு சில காலம் மைசூருக்கும் உட்பட்டிருந்த எல்லைநாட்டில் இக்கலப்பு வியப்பல்ல. ஹைதர் அலி தம் பொன் வராகனில் சிவன் பார்வதி உருவத்தை அப்படியே விட்டுவைத்து, பின்புறம் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். கை பழகிய காசைத்தான் சந்தை நம்பும் என்பதை அறிந்தவர் போலும். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ரோமக் காசுகளைக் கண்டு பழகிய சேரர், தம் தலையை அந்தப் பாணியில் பொறித்து, மாக்கோதை என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயரிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லியும் அத்தையின் மருமகன் கேட்கவில்லை. ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கினால் போதும் என்றார். குடும்பச் சொத்து என்று எழுதி வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மொழிச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுத கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருந்தும், மனுவை மலையாளத்தில் எழுதிவரச் சொல்லித் திருப்பினார்கள். எழுதிக்கொண்டு போனால் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில். அவர் வந்தபோது முத்திரை இன்னொரு மேசையின் பூட்டிய இழுப்பறையில். எல்லாம் முடிந்து வேறோர் அலுவலகத்தை அடைந்தால், அங்கிருந்தவர் திப்பு காசை லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டு, “இது தொல்பொருள்தானே, அல்ல என்று எப்படி எழுதுவது?” என்றார். இதை முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அதற்குள் என் விமானச்சீட்டை மாற்றியாகிவிட்டது, கட்டணத்தோடு.

காசுகளைப் புளி போட்டு விளக்க விடாதீர்கள்; அத்தை ஒரு புத்தனைத் தேய்த்ததில் சங்கின் சுழியே மழுங்கிவிட்டது. எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்னும் நகைக்கடைக்காரருக்கும் கொடுக்க வேண்டாம். இருபுறமும் படமெடுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, ஊரிலேயே வைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பணம் எதற்கென்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: முழங்கால் வலியோடு இரவில் கொல்லைக்கு நடக்க முடியாத அத்தைக்கு வேண்டியிருந்தது, படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை. அடுத்த வாரம் தளம் போடுகிறார்கள்.