பேரப்பிள்ளையை வளர்த்தபடியே சைக்கிளில் உடம்பைத் தேற்றுவது எப்படி?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் என் பேத்தி எங்களிடம் வளர வந்தாள். அவளுக்கு 4 வயது, எனக்கு 62. வந்த மூன்றாம் நாள் பூங்காவில் என் கையை உதறிவிட்டு ஓடினாள். இருபது அடி துரத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்து, "தாத்தா, நீங்க ஓடவே இல்லையே!" என்றாள். நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

வேகமாக நடந்து பார்த்தேன், முழங்கால் முனகியது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? கடைசியில் சைக்கிள்தான் ஒத்துவந்தது. எடையில் பெரும்பகுதியைச் சீட் வாங்கிக்கொள்வதால் முழங்காலுக்குச் சுமை குறைவு. பிள்ளையைப் பள்ளியில் விடுகிற வேலையும் பயிற்சியும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். பல வருடமாகச் சைக்கிளைத் தொடாதவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: மருத்துவரிடம் ஒரு வார்த்தை

இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தலைசுற்றல் ஏதாவது இருந்தால் கேட்காமல் தொடங்காதீர்கள். இரண்டு விஷயங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஏமாந்துபோவீர்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு மிதிக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

படி 2: சைக்கிளும் சீட்டின் உயரமும்

குறுக்குக் கம்பி தாழ்வாக வளைந்து இறங்கும் சைக்கிளை எடுங்கள். அதைப் பெண்கள் சைக்கிள் என்று சொல்லி ஒதுக்குகிற ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் ஒதுக்கினேன். பின்னால் குழந்தை இருக்கை மாட்டியதும் காலைத் தூக்கிப் பின்பக்கமாகச் சுழற்றி ஏற வழியே இல்லை என்று புரிந்தது. மறு வாரம் சைக்கிளை மாற்றினேன்.

சீட்டின் உயரத்தைச் சரிபார்க்கச் சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம், அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். ஓட்டிய பிறகு முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். பின்பக்கம் இழுத்தால் உயர்ந்திருக்கும். ஆனால் முதல் இரண்டு வாரம் இந்தக் கணக்கை மறந்துவிட்டு, இரண்டு பாதமும் தரையில் படுகிற அளவுக்குத் தாழ்த்தியே வையுங்கள். தைரியம் வரவர விரற்கடை விரற்கடையாக ஏற்றலாம்.

படி 3: இறங்கப் பழகுங்கள்

எல்லாரும் ஓட்டத்தான் பழகுகிறார்கள். நான் விழுந்த இரண்டு தடவையும் சைக்கிள் நின்ற பிறகுதான் விழுந்தேன். ஓடும் வண்டி தானாக நிமிர்ந்துகொள்ளும், நின்ற வண்டி அப்படியே சாயும். நம் வயதில் கால் தரையைத் தேடுவதற்குள் பாதி சாய்ந்துவிடும்.

அதனால் முதல் நாள் சமதரையில் இதை மட்டும் செய்யுங்கள். நாலு மிதி மிதித்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்துங்கள். நிற்கப்போகும் நொடியில் சீட்டைவிட்டு முன்னால் நழுவி, வழக்கமாக ஊன்றும் காலைத் தரையில் வையுங்கள். வண்டியையும் அந்தப் பக்கமே லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பத்துத் தடவை, இருபது தடவை. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

படி 4: பிள்ளையின் நேரம்தான் உங்கள் அட்டவணை

அதிகாலை 5 மணிக்கு எழுந்து ஓட்டுவேன் என்றெல்லாம் திட்டம் போடாதீர்கள். இரவில் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்த வாரத் திட்டமே போச்சு. நான் கண்டுகொண்ட வழி இது: பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது சுற்று வழியாக வருவது. போகும்போது பிள்ளை இருப்பதால் நிதானம். வரும்போது வண்டியில் நீங்கள் மட்டும்தான், அதுதான் உண்மையான பயிற்சி.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவர்கள் உட்படப் பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்கிறது. எடுத்தவுடன் அங்கே பாய வேண்டாம். முதல் வாரம் 10 நிமிடம், மூன்று நாள். அடுத்த வாரம் 15 நிமிடம், நாலு நாள். உடம்பு ஒத்துழைத்தால் ஆறாவது, ஏழாவது வாரத்தில் தினம் 30 நிமிடமாக வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கு வந்துவிடும். அதுவே 150. எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, நடுவில் பள்ளி விடுமுறை வேறு.

மிதமான வேகம் எது? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கியர் இருந்தால் இலகுவானதைப் போடுங்கள். 15 நொடியில் வலது முழங்கால் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், 15 முதல் 20 வரை இருந்தால் போதும். கனமான கியரில் அழுத்தி மிதித்தால் முழங்கால்தான் பழிவாங்கும்.

நெஞ்சில் இறுக்கம், கை அல்லது தாடையில் பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். 'வீடு பக்கம்தானே' என்று மிதிக்கக் கூடாது.

படி 5: பிள்ளையை ஏற்றிச் செல்லும்போது

பின் இருக்கைகள் பலவற்றின் உச்ச எடை 22 கிலோ. இருக்கையிலேயே அச்சிட்டிருப்பார்கள், உங்கள் கேரியர் அந்த எடையைத் தாங்குமா என்றும் பாருங்கள். பிள்ளையை ஏற்றும் முன் அதே எடைக்கு மணல் மூட்டையைக் கட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். பாரம் உயரத்தில் இருப்பதால் வண்டி திரும்பும் விதமும் நிற்கும் விதமும் மாறிவிடும். அந்தப் பாடத்தை மூட்டையோடு படித்துவிடுவது நல்லது. கால் ஆரக்கம்பிக்குள் போகாதபடி பாதத்தை வாரால் கட்டும் வசதி இருக்க வேண்டும். ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு ஒரு நொடிகூடக் கையை எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் தயாரான பிறகே பிள்ளையை ஏற்ற வேண்டும், நின்றதும் முதலில் பிள்ளையை இறக்க வேண்டும்.

ஹெல்மெட் இருவருக்கும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம், அதற்கு மேல் ஏறக் கூடாது. தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தால் சரி.

படி 6: அவளுக்கென்று ஒரு சைக்கிள்

என் பேத்திக்கு 5 வயது முடிந்ததும் அவளுக்கும் பழக்கினேன். நாம் படித்ததுபோல் குரங்குப் பெடல் போட்டு முட்டி பெயர வேண்டியதில்லை. இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி வையுங்கள். பிள்ளை காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். சில நாளில் காலைத் தூக்கிக்கொண்டு சறுக்கத் தொடங்கும். ஐந்து எண்ணும்வரை கால் தரையில் படாமல் வந்தால் பெடலைத் திரும்ப மாட்டலாம்.

கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடல் எல்லாத் திருகாணியையும்போல் கடிகாரம் சுற்றுவதற்கு எதிராகக் கழலும். இடது பெடல் கடிகாரம் சுற்றும் திசையில்தான் கழலும். இது தெரியாமல் அரை மணி நேரம் முழு பலத்தோடு அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் நழுவி விரல் முட்டி தோலுரிந்தது. "தாத்தா, அந்தப் பக்கம் சுத்துங்க" என்று அவள் விளையாட்டாகச் சொன்னபடி செய்ததும் கழன்றுவிட்டது. மாட்டும்போது முதல் சில சுற்றைக் கையாலேயே திருகுங்கள்.

பழக்கும்போது ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள், பிள்ளைக்குச் சமநிலை வராது. முதுகில் லேசாகக் கை வைத்தால் போதும். சாலையில் இருவரும் தனித்தனிச் சைக்கிளில் போகும் நாள் வந்ததும், பிள்ளை முன்னால், நீங்கள் சற்றுப் பின்னால், பிள்ளைக்கும் மற்ற வண்டிகளுக்கும் இடையில் வரும்படி. பிள்ளையின் வேகத்துக்கு ஆமைபோல் ஓட்டுவது வீண் என்று நினைக்க வேண்டாம். மெதுவாக ஓட்டும்போதுதான் சமநிலைக்கு அதிக வேலை.

படி 7: சைக்கிள் தராதது

உடலின் எடையைச் சீட் தாங்குவதால் எலும்புக்குச் சைக்கிள் அவ்வளவாக உதவாது. கைக்கும் தோளுக்கும் அப்படித்தான். அதே வழிகாட்டுதல் 65-ஐத் தாண்டியவர்களுக்குத் தசை வலுப் பயிற்சி வாரம் 2 நாளும், சமநிலைப் பயிற்சி 3 நாளும் கேட்கிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். பிள்ளை பல் துலக்கும்போது பக்கத்தில் சுவரோரமாக ஒற்றைக் காலில் நில்லுங்கள். எங்கள் வீட்டில் எண்ணுவது அவள் வேலை, ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று தாவிவிடுவாள். நான் திருத்துவதில்லை.

கிளம்பும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். டயர் அழுத்தம் எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். இந்த வேலையையும் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம், மறக்கவே மறக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் சீட்டையும் ஹெல்மெட்டையும் அளந்து பாருங்கள். போன வாரம்தான் அவள் சீட்டை மறுபடி ஏற்றினேன்.